அலர்ஜியும் தண்டுவட அழற்சியும்: ஸ்டீராய்டு ஊசிக்கு முன்னால் நடக்கும் தவறுகள்

தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எந்த கிளினிக்கைப் பார்த்தாலும் இளைப்பும் அரிப்புமாகத்தான் கூட்டம். நெல் சுணை, வைக்கோல் தூசு, அறுவடை மிஷின் கிளப்பும் புழுதி. அந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஒருவர், "விரலெல்லாம் மதமதன்னு இருக்கு, டாக்டர்" என்பார். புதிதாக வரும் டாக்டர்கள் வழுக்குவது அங்கேதான்.

இரண்டையும் சேர்த்து யோசிக்காதது

1997-இல் ஜப்பானின் கியூஷு பகுதி மருத்துவர்கள், கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய் உள்ள சிலருக்குத் தண்டுவட அழற்சி வந்ததை எழுதினார்கள். அந்த நோயாளிகளின் ரத்தத்தில், அலர்ஜியில் கூடும் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி மிகுந்திருந்தது. வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிக்கு எதிரான ஐஜிஇயும் இருந்தது. இதற்கு அடோபிக் மைலைட்டிஸ் என்று பெயர். பெரும்பாலும் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் வரும். பலம் குறைவதைவிட மதமதப்பும் குறுகுறுப்பும் முன்னால் நிற்கும். ஆகவே இளைப்பு, கரப்பான், மூக்கொழுகல் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

முதலில் ஸ்டீராய்டு, அப்புறம் பரிசோதனை

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர் ஒருவர் வந்தார். இளைப்புக்காக வேறு எங்கோ டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். சீட்டில் எதுவும் எழுதவில்லை. "ஏதோ ஊசிங்கய்யா" என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. இளைப்போடு கை மதமதப்பும் குறைந்து, ஊசியின் வேகம் தணிந்ததும் இரண்டும் திரும்பிவிட்டன. மறுபடி ஊசி. எங்களிடம் வந்தபோது ரத்தத்தில் ஈசினோபில், அதாவது அலர்ஜியிலும் புழுத் தொற்றிலும் கூடும் வெள்ளணு, பூஜ்யம். ஸ்டீராய்டு போட்ட சில மணி நேரத்திலேயே அந்த அணுக்கள் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும்; அந்த ரிப்போர்ட்டை வைத்து அலர்ஜி இல்லை, புழு இல்லை என்று யாராவது முடிவு கட்டினால் என்ன ஆவது?

அவர் மலத்தில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருந்தது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோல் வழியாக ஏறும் புழு. ஸ்டீராய்டு கிடைத்தால் உடம்பெங்கும் பெருகி ஆளையே கொன்றுவிடக்கூடியது. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுத்த பிறகே ஸ்டீராய்டைத் தொட்டோம்.

கால் செயலிழந்து, சிறுநீர் அடைத்து வருபவருக்கு ஸ்டீராய்டைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ரத்தம் எடுக்க ஐந்து நிமிடம் போதும். ஈசினோபில், ஐஜிஇ, வைட்டமின் பி12, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவுக்கான அக்வாபோரின்-4 ஆன்டிபாடி எல்லாவற்றுக்கும் எடுத்து வைத்துவிட்டு, அதே மணி நேரத்தில் மருந்தை ஏற்றுங்கள். இந்தக் கடைசிப் பரிசோதனையை விட்டுவிட்டு அலர்ஜி என்று முத்திரை குத்தினால், அடுத்த தாக்குதல் கண்ணைப் பறிக்கலாம்.

ஐஜிஇ கூடினாலே அலர்ஜி என்பது

வயல்காட்டில் கொக்கிப்புழுவாலும் கூடும், யானைக்கால் புழுவாலும் கூடும். அடோபிக் மைலைட்டிஸ் என்பது மற்ற காரணங்களை எல்லாம் தள்ளிய பிறகு வைக்கும் பெயர். காசநோயையும் தள்ளியாக வேண்டும்.

இடுப்பை மட்டும் ஸ்கேன் எடுப்பது

தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்பின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. கழுத்தை எடுங்கள்.

மதமதப்பா, பி12 ஊசி

அளவு பார்த்துவிட்டுப் போடுங்கள். போட்ட பிறகு பார்த்தால் எல்லோருக்கும் நிறைந்துதான் இருக்கும்.