ஒல்லிக் காலுக்கு கம்பூட்ஸ்: சேற்றில் கழன்று போகாமல் அடக்கும் முறை

என் கெண்டைக்கால் சுற்றளவு 29 சென்ரிமீற்றர். போன பெரும்போகத்துக்கு வாங்கிய கம்பூட்ஸின் (உயரமான இறப்பர் பூட்ஸ்) வாய்ச் சுற்றளவு 38. கடையில் இருந்ததிலேயே சிறிய சோடி அதுதான், அதுவும் ஆண்களுக்கானது.

நான் களுவாஞ்சிகுடியில் தையல் தைக்கிறேன். எங்கள் வயல் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூரைத் தாண்டி. களை பிடுங்கும் நாட்களில் விடியவே குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிவிடுவேன். புது பூட்ஸோடு வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறங்கிய முதல் நாளே, சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ள, கால் மட்டும் வெளியே வந்தது. பத்தடிக்கு ஒரு தரம் இப்படித்தான். பின்னேரம் பார்த்தால் குதிக்காலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அடுத்த நாள் பூட்ஸை வரம்பில் வைத்துவிட்டு இறங்கப் போனேன். மாமி கையைப் பிடித்துவிட்டார். “உரிஞ்ச காலோட தண்ணிக்குள்ள இறங்காத புள்ள.” அவருடைய தம்பி எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பழுதாகும் அளவுக்குப் போய்த் தப்பியவர்.

மாமி சொன்னது முழுக்கச் சரி. எலியின் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா பக்டீரியா வயல் தண்ணீரில் கலந்து, வெட்டுக்காயம், உரிந்த தோல் வழியாகத்தான் அதிகம் உள்ளே போகிறது. 2008இல் மட்டும் நாடு முழுவதும் 7,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. காலைக் காக்கப் போட்ட பூட்ஸே தளர்ந்து உரசி, கிருமிக்கு வாசல் திறந்துவிடக் கூடாது. அதனால்தான் இந்தத் தளர்வை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாரும் முதலில் கெண்டைக்காலைத்தான் இறுக்கப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், பலனில்லை. பூட்ஸ் கழல்வது குதிக்காலில். அங்கே பிடிமானம் வந்தால் பாதி வேலை முடிந்தது.

பாதத்தைக் கடதாசியில் வரைந்து, அந்த அளவுக்குத் தடித்த இறப்பர் சீற்றில் உள்ளடி ஒன்று வெட்டிப் போடுங்கள். 5 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். அதற்கு மேல் மெல்லிய பருத்தி மேஸ் (காலுறை), அதற்கும் மேல் முழங்கால் வரை வரும் உதைபந்தாட்ட மேஸ். மேஸ் நனைந்தால் தோல் ஊறி இன்னும் சீக்கிரம் உரியும். ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரையேறும்போது மாற்ற இன்னொரு சோடி கொண்டு போங்கள்.

அடுத்தது சைக்கிள் டியூப். இதுதான் என்னைக் காப்பாற்றியது. திருத்தும் கடையில் கழித்துப் போட்ட டியூபை வாங்கி, வால்வு உள்ள இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு காலுக்கு 120 சென்ரிமீற்றர் நீளம் எடுங்கள். நீளவாக்கில் பிளந்தால் பட்டியாகிவிடும். பட்டியின் நடுப்பகுதியை உள்ளங்கால் வளைவின் கீழே, பூட்ஸின் குதிமேட்டுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் வையுங்கள். இரண்டு நுனியையும் மேலே இழுத்துப் புறங்காலில் குறுக்கே மாற்றி, பின்னால் கொண்டு போய், கணுக்காலுக்குச் சற்று மேலே மறுபடி குறுக்கே மாற்றி, முன்னுக்கு எடுத்து வெளிப்பக்கமாக முடியுங்கள். ஒரே இழுப்பில் அவிழும் சுருக்காக இருக்கட்டும். பட்டிக்கும் பூட்ஸுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். கால் விரல் விறைத்தால் இறுக்கம் கூடிவிட்டது என்று அர்த்தம். இப்படிக் கட்டிக்கொண்டு சேற்றில் காலைத் தூக்கிப் பாருங்கள். குதிக்கால் முதலில் எழும்பும், பூட்ஸும் கூடவே வரும்.

அப்புறம் மேல்வாய். முதலில் மெத்தை ஸ்பொஞ்சை உள்ளே சுற்றி வைத்தேன். 1 சென்ரிமீற்றர் தடிப்பில் முழுச் சுற்றுக்கும் வைத்தால் உள்சுற்று 6 சென்ரிமீற்றருக்கு மேல் குறையும், கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது தண்ணீரைக் குடித்து, நாள் முழுக்க ஈரமாகவே கிடந்து, காலை அரித்தது. தண்ணீர் உறிஞ்சாத சீற் கிடைத்தால் மட்டும் வையுங்கள்.

நான் கடைசியில் உடைந்த குடையின் துணியில், பூட்ஸ் வாயிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மூடும் உறை ஒன்று தைத்தேன். 42 சென்ரிமீற்றர் அகலம், 20 உயரம். பக்கத்தை மூட்டி, மேல் விளிம்பை மடித்து இலாஸ்டிக் கோர்த்தேன். முழங்காலுக்குக் கீழே அளந்து, அதைவிட 2 சென்ரிமீற்றர் குறைவாக இலாஸ்டிக் வெட்டினால் போதும். கீழ் விளிம்பை பூட்ஸ் வாயில் வைத்துத் தைக்க வீட்டு மெசின் சரிவராது. குத்தூசியால், நைலோன் நூலில், விளிம்பிலிருந்து 1 சென்ரிமீற்றர் இறக்கித் தையுங்கள். துளைகளை நெருக்கிப் போட்டால் இறப்பர் கிழியும், 6 மில்லிமீற்றராவது இடைவெளி விடுங்கள். தையல்மேல் டியூப் ஒட்டும் சொலூசனை இரண்டு தரம் பூசிவிட்டால் தெறிக்கும் தண்ணீர் உள்ளே வராது. கணுக்கால் பக்கம் மட்டும் ஊசி போடவே கூடாது, ஒரு துளை போதும் பூட்ஸ் வீணாக.

பூட்ஸைவிட ஆழமான தண்ணீரில் இறங்காமல் வரம்பால் சுற்றிப் போங்கள். காலில் ஏற்கெனவே காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். விதைப்புக் காலத்துக்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து பற்றிக் கேளுங்கள். வயலுக்குப் போய்வந்த பிறகு காய்ச்சல், தசை நோவு, கண் சிவப்பு என்று ஏதும் வந்தால், வயலில் வேலை செய்ததை டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தோல் பூட்ஸ் பற்றியும் என்னிடம் கேட்பதுண்டு. அதன் வாய் அகலத்தைத் தையலிலேயே குறைக்கலாம். சிப்புக்கு (zip) எதிரே உள்ள பின்மூட்டில், மேலே அகலமாகப் பிடித்து, கணுக்காலை நெருங்க நெருங்க ஒன்றுமில்லாமல் கரைத்துவிடுங்கள். குண்டூசி குத்தினால் ஓட்டை மாறாது, துணி கிளிப்பால் பிடியுங்கள். தோலுக்கென்று வரும் ஊசி, 4 மில்லிமீற்றர் தையல். பின்னோக்கித் தைக்காமல் நூலை முடிந்து விடுங்கள்.

வேலை முடிந்ததும் கம்பூட்ஸைக் கழுவி, வேலிக் கம்பில் தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் காய விடுகிறேன். டியூப் பட்டி ஒரு போகம் தாங்கியது. இந்த முறைக்கு இரண்டு டியூப் எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று எனக்கு, மற்றது மச்சாளுக்கு.