பெரிய பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சின்ன விடுதிக் கல்லூரி: புதிதாக வருபவர்களுக்கு

நான் படித்தது ஒரு பெரிய பல்கலைக்கழகம். ஆனால் அதற்குள் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில்தான் நான்கு வருடம் வாழ்ந்தேன். தங்கியது, சாப்பிட்டது, பாதிப் பாடங்களைப் படித்தது எல்லாம் அதே கட்டடத்தில். கடைசி இரண்டு வருடம் என் தளத்துக்கு மூத்த மாணவியாக, புதிதாக வரும் இருபத்திரண்டு பேரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எனக்கு இருந்தது. முதல் வாரத்தில் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதையும், எனக்கு யாரும் சொல்லாமல் போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இதை வெறும் ஹாஸ்டல் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். ஹாஸ்டலில் தூங்கலாம், படிப்பு வேறெங்கோ நடக்கும். இங்கே காலையில் வகுப்பில் உங்களோடு வாதாடியவரே மதியம் தட்டோடு எதிரில் வந்து உட்காருவார். இரவில் துணி துவைக்கும் அறையிலும் அவரே நிற்பார். ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே கூரையின்கீழ் வாழும் ஏற்பாடு மிகப் பழையது. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி 1264-லும், கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் 1284-லும் தொடங்கியவை. அமெரிக்காவில் ஹார்வர்டு 1930-லும் யேல் 1933-லும் தங்கள் மாணவர்களைச் சின்னச் சின்ன இல்லங்களாகப் பிரித்தன. இரண்டுக்கும் பணம் கொடுத்தவர் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற ஒரே மனிதர். பல்கலைக்கழகம் பெரிதாகப் பெரிதாக அங்கே யாருக்கும் யாரையும் தெரியாமல் போகிறது. அதற்கு மருந்தாகத்தான் இந்தச் சின்னக் கல்லூரிகள். ஆனால் ஒரே கட்டடத்தில் இருப்பதாலேயே பழக்கம் தானாக வந்துவிடாது. அதை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

வந்து சேர்ந்த மூன்று நாளுக்குள் அறையில் கூட இருப்பவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். எத்தனை மணிக்குத் தூக்கம், விளக்கை எப்போது அணைப்பது, போனில் எங்கே பேசுவது, நண்பர்கள் வந்தால் எவ்வளவு நேரம், யாருடைய பொருளைக் கேட்காமல் எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது. நானும் என் அறைத்தோழியும் இதை அரைத்தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தோம். அவள் பத்து மணிக்குத் தூங்குபவள், நான் ஒரு மணி வரை படிப்பவள். பத்தரைக்கு மேல் நான் வாசிப்பறைக்குப் போய்விடுவேன். பதிலுக்கு, காலையில் அலாரம் ஒரே ஒரு தடவை அடித்ததுமே அவள் எழுந்துவிடுவாள். வருடம் முழுக்க எங்களுக்குள் சண்டையே இல்லை. பிற்பாடு பொறுப்பில் இருந்தபோது பார்த்திருக்கிறேன், பெரிய மனஸ்தாபங்கள் எல்லாமே சின்ன விஷயத்தில்தான் தொடங்கியிருக்கும். இருபது நாள் வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டு, இருபத்தோராம் நாள் வெடிப்பார்கள். முதல் தடவையே, கோபம் வருவதற்கு முன்பே, "எனக்கு எட்டு மணிக்கு வகுப்பு இருக்கு, பதினொன்றுக்கு மேல விளக்கை அணைச்சுடலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சாப்பாட்டுக்கூடம். என்னைக் கேட்டால் கல்லூரியின் மிக முக்கியமான அறை அதுதான். முதல் இரண்டு வாரம் எல்லோருமே புதியவர்கள், யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மூன்றாவது வாரம் மேசைகள் இறுகிவிடும். இவர்கள் இங்கே, அவர்கள் அங்கே என்று ஆகிவிடும். அதற்குள் ஒவ்வொரு வேளையும் வேறு வேறு மேசைக்குப் போங்கள். "இங்க உட்காரலாமா?" என்று கேட்டால் போதும். நான் பயத்தில் முதல் மாதம் முழுக்க அதே நான்கு பேரோடு உட்கார்ந்திருந்தேன், அந்த மாதத்தை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

ஆசிரியர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டோடு அங்கேயே போங்கள். அவர் கல்லூரிக்கு வந்து சாப்பிடுவதே மாணவர்கள் வந்து பேச வேண்டும் என்பதற்காகத்தான், ஆனால் கூச்சத்தில் யாரும் போக மாட்டார்கள். ஒரு பௌர்ணமி மாலை, வானியல் பேராசிரியர் ஒருவரின் எதிரில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. உதிக்கும்போது நிலா ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய், கையை முழுக்க நீட்டி, சுண்டுவிரல் நகத்தால் நிலாவை மறைத்துப் பார்க்கச் சொன்னார். மறைந்தது. "பதினொரு மணிக்கு மறுபடி இதையே செய்து பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு நிலா உயரத்தில், சின்னதாகத் தெரிந்தது. நகம் அதே அளவுக்குத்தான் மறைத்தது. பெரிதானது நிலா இல்லை, என் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. அன்று இரவு முற்றத்தில் ஆறு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். நான் உளவியலை முதன்மைப் பாடமாக எடுத்ததற்கு அந்த ராத்திரிதான் காரணம்.

வகுப்புகளுக்கு வருவோம். சின்னக் கல்லூரியின் செமினாரில் பன்னிரண்டு, பதினைந்து பேர் இருப்பார்கள், பின்வரிசை என்று ஒன்று கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டின் டுட்டோரியலில் ஓர் ஆசிரியருக்கு எதிரில் இரண்டு மூன்று மாணவர்கள்தான். அதோடு ஒப்பிட்டால் நமக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு, ஆனாலும் வாசிக்காமல் போனால் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், வாசித்து வந்தவர்களின் பேச்சையும் அது கெடுக்கிறது. நான் பின்பற்றிய வழி இது: வாசிக்கும்போதே பென்சிலால் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்வேன். ஒன்று பிடித்த இடம், ஒன்று சந்தேகமான இடம், ஒன்று புரியவே புரியாத இடம். வகுப்பில் புரியாத இடத்தைத்தான் முதலில் எடுப்பேன். "நாற்பதாம் பக்கத்தில் இந்த வரி எனக்குப் புரியவில்லை" என்று ஒருவர் சொன்னதும் இன்னும் நான்கு பேர் நிம்மதியாகத் தங்கள் புத்தகத்தைத் திருப்புவார்கள். உண்மையான பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

அப்புறம், வாக்குவாதம். முதல் வருடம் ஒரு தோழியிடம் எல்லோர் முன்னாலும் "நீ சரியாவே படிக்கலை" என்று சொல்லிவிட்டேன். பெரிய வகுப்பாக இருந்தால் அதோடு போயிருக்கும். இங்கே அன்று இரவே துணி துவைக்கும் அறையில் இரண்டு பேரும் ஒரே மெஷினுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பேசாமல் நின்றோம். அறைக்குத் திரும்பிப் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்ன வரி, சொன்ன அர்த்தத்திலேயே இருந்தது. அடுத்த பக்கத்தில் இருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. உடனே அவள் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னேன். என் தளத்துக்கு வந்தவர்களிடம் பிற்பாடு இதையே ஒரு விதியாகச் சொல்லிவிட்டேன்: வகுப்பில் யாரையாவது காயப்படுத்திவிட்டால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு முன் போய்ப் பேசிவிடுங்கள். எல்லோர் முன்னும் சொன்னதை எல்லோர் முன்னும்தான் சரிசெய்ய வேண்டும்.

இந்த வகைக் கல்லூரிகள் சிலவற்றில் மதிப்பெண்ணோடு எழுத்தில் ஒரு மதிப்பீடும் தருவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குள் 1967-ல் தொடங்கிய ரெசிடென்ஷியல் காலேஜில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எங்கள் கல்லூரியிலும் இருந்தது. என் முதல் மதிப்பீட்டில் ஆசிரியர் எழுதியிருந்தார்: "கேள்விகள் நன்றாக இருக்கின்றன. மற்றவர் முடிக்கும் முன்பே பேசத் தொடங்கிவிடுகிறார்." வலித்தது. ஆனால் எந்த மதிப்பெண்ணாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. அப்படி ஒரு தாள் கிடைத்தால் உள்ளே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், எதை மாற்றலாம் என்று கேளுங்கள். பின்னால் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று போய் நிற்கும்போது, உங்களை உண்மையாகவே தெரிந்த ஒருவர் அங்கே இருப்பார்.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு இரண்டு வகை நிபந்தனைகள் இருக்கும்: கல்லூரி கேட்கும் பாடங்கள் தனி, உங்கள் துறை கேட்கும் பாடங்கள் தனி. இரண்டு ஆலோசகர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி இருந்துவிட்டேன். துறை கேட்ட புள்ளியியல் பாடத்தை எடுக்காமல் விட்டதால் ஆய்வக வேலை ஒரு பருவம் தள்ளிப்போனது. முதல் பருவம் முடிவதற்குள் நான்கு வருடத் திட்டத்தை ஒரே தாளில் எழுதி, இரண்டு ஆலோசகர்களிடமும் காட்டி, சரி என்று சொல்ல வைத்துவிடுங்கள்.

கல்லூரிக்குள் ஏதாவது ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகை, இசை மாலைகள், எதுவானாலும் சரி. நான் வாரம் இரண்டு மணி நேரம் குட்டி நூலகத்தின் அலமாரிகளை அடுக்கினேன். மூத்த மாணவர்கள் எல்லோரும் எனக்கு அங்கேதான் பழக்கம்.

அதே நேரம் கல்லூரிச் சுவருக்குள்ளேயே முடங்கிவிடவும் கூடாது. சின்ன இடத்தில் பேச்சு வேகமாகப் பரவும். இரண்டு பேர் பிரிந்தால் காலைச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மூச்சு முட்டும் நாட்கள் வரும். பெரிய பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு ஆய்வகம், ஒரு குழு, பிரதான நூலகத்தில் உங்களை யாருக்கும் தெரியாத ஒரு மூலை என்று ஏதாவது ஒன்றை முதல் பருவத்திலேயே பிடித்துவையுங்கள்.

மனம் சரியில்லை என்றால் உங்கள் தளத்து மூத்தவரிடம் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் கதவைத் தட்டலாம், அதற்குத்தான் அவர் இருக்கிறார். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் சொல்வதை அவர் ஊரெல்லாம் சொல்ல மாட்டார், ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தனக்குள் வைத்துக்கொள்ளவும் மாட்டார். நான் அப்படி இரண்டு தடவை ஆலோசனை மையத்துக்குப் போன் செய்திருக்கிறேன். இரண்டு பேரும் முதலில் என்மேல் கோபப்பட்டார்கள். இரண்டு பேரும் பட்டம் வாங்கினார்கள்.

முதல் வருடம் முடிந்ததும் பலர் வெளியே வீடு எடுத்துப் போய்விடுவார்கள். முடிந்தால் இரண்டாம் வருடமும் இருங்கள். நீங்கள் தனியாக நின்ற அதே இடத்தில் அடுத்த வருடம் வேறொருவர் தட்டோடு நிற்பார், கூப்பிட யாராவது வேண்டும். பணத்தினாலோ வேறு காரணத்தினாலோ இருக்க முடியாமல் போனால், வெளியே தங்குபவர்களுக்கு வாரம் சில வேளை மட்டும் சாப்பிடும் அட்டை உண்டா என்று அறையைக் காலி செய்யும் முன் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். பருவம் தொடங்கியபின் கேட்டால் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும்.