சின்னக் கைப்பை வாங்கும் முன்

இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பீப்புக்கு மெட்ரோவில் நின்றுகொண்டே போகிறவர்களுக்குப் பெரிய பை ஒரு சுமைதான். சின்னக் கைப்பைக்கு மாறிப் பாருங்கள். புடவைக்கும் எடுப்பாக இருக்கும். ஆனால் கடையிலேயே உங்கள் போனை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துப் பார்த்துவிடுங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய முத்துப் பையில் போன் சாய்வாகத்தான் நுழைந்தது, ஜிப் பாதியிலேயே நின்றுவிட்டது! வார் நீளமாக இருந்தால் உடம்புக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளலாம். தைப்பூசக் காவடியன்று பூசைத் தட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. கூட்டத்தில் பையை முன்னுக்குத் தள்ளி, ஜிப் பக்கம் வயிற்றோடு ஒட்டி இருக்கட்டும். அப்புறம், தடித்த பர்ஸ் வேண்டாம். ஒரு கார்டு, மடித்த நோட்டு நாலைந்து, சாவி போதும். குடையா? கியூர்பீப் மழைக்கு அது கையில்தான்.