சக்கர நாற்காலியில் அமர்ந்தே சிலம்பம்: தொடங்குபவர்களுக்கான செய்முறை

சிலம்பத்துக்குக் காலடிதான் உயிர் என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, கால் இயங்காதவருக்குக் கம்பு எதற்கு என்று பல வீடுகளில் பேச்சையே முடித்துவிடுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. நாற்காலியில் இருப்பவருக்குச் சக்கரம்தான் காலடி. அதை நிறுத்தவும் திருப்பவும் கற்றுக்கொண்டால் மீதியெல்லாம் தோளும் மணிக்கட்டும் செய்யும் வேலை. வேலூர்க்காரர்கள் இதைச் சந்தேகிக்கவே கூடாது. 1954இல் நடந்த வாகன விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது இந்த ஊரில்தான். பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கம்பைத் தொடும் முன்

உங்கள் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள். முதுகெலும்பை வேகமாகத் திருப்பலாமா? தோள் தாங்குமா? கால் எலும்பு எவ்வளவு உறுதியாக இருக்கிறது? மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நெடுநாள் இயங்காத கால்களில் எலும்பு மெலிந்துவிடும். உணர்ச்சியும் இல்லையென்றால், கம்பு பட்டு எலும்பு விரிசல் விட்டாலும் வலி தெரியாது. ஆகவே தொடையிலிருந்து முழங்கால் வரை தடித்த போர்வை ஒன்றை மடித்துப் போட்டுக்கொண்டு பழகுங்கள்.

நாற்காலியை நிறுத்துதல்

சிமெண்ட் தரையோ கெட்டியான மண்தரையோ போதும். பாலாற்று மணலில் சக்கரம் புதையும், அங்கே வேண்டாம். நாற்காலியைச் சற்று முன்னே தள்ளி, பிறகு ஒரு சாண் பின்னே இழுங்கள். முன்பக்கச் சிறு சக்கரங்கள் முன்னோக்கித் திரும்பிவிடும். அப்போது முன்பக்கம் கவிழும் வாய்ப்பு குறைகிறது. பிறகு இரண்டு பிரேக்கையும் போடுங்கள். மின் நாற்காலியாக இருந்தால் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இடுப்பெலும்பின் மேல் அகலமான பெல்ட் கட்டுங்கள், வயிற்றின் மேல் அல்ல. இருபுறமும் கை வைக்கும் கைப்பிடிகள் கழற்றக் கூடியவை என்றால் கழற்றிவிடலாம். பின்பக்கம் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரங்கள் இருந்தால் அவற்றைக் கீழே இறக்கி வையுங்கள்.

வயிற்றுத் தசைகளுக்குப் பிடிமானம் இல்லாதவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். நாற்காலியைத் தள்ளுவதற்காகப் பின்னால் இருக்கும் பிடிக்குள் ஒரு முழங்கையைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, மறு கையால் மட்டும் கம்பு வீசுங்கள். இதைக் குறையாக எண்ண வேண்டாம். ஒற்றைக் கை வீச்சு சிலம்பத்துக்குப் புதிதல்ல.

கம்பு எவ்வளவு நீளம்?

நின்று ஆடுபவர் நெற்றி உயரத்துக்குக் கம்பு எடுப்பது வழக்கம். உட்கார்ந்து ஆடுபவர் அதைப் பின்பற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் தொடையில் இடிக்கும். தோளுக்கும் தொடைக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கம்பின் பாதி நீளம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பெரியவர்களில் பலருக்கு மூன்றடிக் கம்பு பொருந்தும். சாரம் கட்ட விற்கும் தடித்த மூங்கில் கனம் அதிகம். மெல்லிய பிரம்பே தொடக்கத்துக்கு நல்லது. கணுக்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

முதல் சுற்று

1. கம்பின் நடுவை வலக்கையால், உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். கையை முன்னே நீட்டித் தோள் உயரத்தில் கம்பைக் கிடையாக வையுங்கள். முழங்கை சற்று மடங்கியிருக்கட்டும்.

2. கட்டைவிரல் பக்கம் மேலே எழும்பும்படி மணிக்கட்டைத் திருப்புங்கள். உள்ளங்கை மேல்நோக்கி வரும்போது அரைச் சுற்று முடிந்திருக்கும்.

3. அந்த நொடியில் இடக்கை, உள்ளங்கை மேல்நோக்கியபடி, வலக்கைக்கு அருகில் கம்பைப் பற்றட்டும். வலக்கையை விடுங்கள்.

4. இடக்கை அதே திசையில் திருப்பி, உள்ளங்கை கீழ்நோக்கி வந்து முடிக்கட்டும். வலக்கை மறுபடி கீழ்நோக்கிய பிடியில் வாங்கிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்று ஆயிற்று.

வேகம் வேண்டாம். கை மாறும்போது கம்பு தடுமாறாமல் இருந்தால் போதும். ஒரு கை மட்டும் இயங்குபவர் இரண்டாவது படியோடு நிறுத்தி, அதே வழியில் திரும்பிவரலாம். நாற்காலி ஓட்டியே களைத்த தோள் இது. ஆகவே தலைக்கு மேல் சுற்றுவதை முதல் மாதம் தொடவே வேண்டாம். தோளின் முன்பக்கத்தில் குத்துவலி வந்தால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள்.

தடுப்பு

சுற்று பழகியதும் துணைக்கு ஒருவரை அழையுங்கள். அவரும் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். நின்றபடி மேலிருந்து அடிப்பவரோடு தொடக்கத்தில் பழகினால் கழுத்தும் தோளும் மட்டுமே சோர்ந்துபோகும். இரு கைகளையும் தோள் அகலத்தில் கம்பின் மேல் வைத்து நெற்றிக்கு முன் உயர்த்துங்கள். அவர் தன் கம்பை மெதுவாக அதன் மேல் வைக்கட்டும். நாள் செல்லச் செல்ல, வைப்பது தட்டலாக மாறட்டும்.

வெயிலும் தோலும்

முதுகுத்தண்டின் மேல்பகுதியில் காயம் பட்டவர்களுக்கு, காயத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது. உடலின் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறும். வேலூரின் மே மாத வெயிலில் இது உயிருக்கே ஆபத்து. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், முகத்திலும் கைகளிலும் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒருமுறை முன்னே சாய்ந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ புட்டத்தின் மேலுள்ள அழுத்தத்தை மாற்றுங்கள். இல்லையென்றால் படுக்கைப் புண் வரும்.

கையில் உணர்ச்சி குறைந்தவர்கள், குறிப்பாகத் தொழுநோயிலிருந்து குணமானவர்கள், கம்பின் பிடியில் பருத்தித் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். விரல் தேய்வதற்குக் காரணம் நோய் நேரடியாக அரிப்பதல்ல, வலி தெரியாமல் கை மீண்டும் மீண்டும் காயப்படுவதே என்பதை வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். பயிற்சி முடிந்ததும் உள்ளங்கையை வெளிச்சத்தில் பாருங்கள். எங்கேனும் சிவந்திருந்தால் அது ஆறும்வரை கம்பு வேண்டாம்.

ஆசானைத் தேடும்போது

பாராலிம்பிக்கில் சிலம்பம் இல்லை. பார்வையற்றவர்களுக்கான ஜூடோ 1988 முதல் அங்கே இருக்கிறது. டேக்வாண்டோ டோக்கியோ 2020 போட்டியில் சேர்ந்தது. பதக்கக் கனவு இருந்தால் அந்தப் பக்கமும் விசாரியுங்கள். கம்புதான் வேண்டும் என்றால், ஆசானிடம் முதலில் கட்டணத்தைக் கேட்காதீர்கள். பயிற்சி இடத்துக்குச் சாய்தளம் இருக்கிறதா, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு, ஒரு வகுப்பு முழுக்க உங்களோடு நாற்காலியில் அமர்ந்தபடியே கம்பு வீசிக் காட்டச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதிக்கிறவரிடம் சேருங்கள்.