கறுப்பினப் பெண்களை உருவப்படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறுப்பினப் பெண்களைப் பற்றிய பழைய பிம்பங்களை உடைக்க விரும்பும் ஒளிப்படக் கலைஞர் செய்யும் முதல் தவறு, நல்ல நோக்கமே போதும் என்று நம்பி, படத்தில் யாருடைய விருப்பம் செல்லுபடியாகிறது என்று கேட்காமல் விடுவதாகும். 1850-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், கறுப்பர்கள் தனித் தோற்றம் கொண்ட தாழ்ந்த இனத்தவர் என்று நிறுவ முயன்ற லூயி அகாசி என்ற அறிவியலாளருக்காக, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த டீலியா, டிரானா ஆகிய பெண்கள் மேலாடை களையப்பட்டுப் படமெடுக்கப்பட்டார்கள். 1864-இல், அடிமைத்தளையிலிருந்து மீண்டு, அடிமைமுறையை எதிர்த்துப் பேசிவந்த சோஜர்னர் ட்ரூத் என்ற கறுப்பினப் பெண், மூக்குக்கண்ணாடியும் சால்வையும் அணிந்து, பின்னல் நூலோடு அமர்ந்திருக்கும் தம் படங்களைத் தாமே விற்றுப் பொருள் ஈட்டினார். அவற்றின் பதிப்புரிமையும் அவர் பெயரிலேயே இருந்தது. உடை, அமரும் விதம், வெளியிட வேண்டிய படம் ஆகியவற்றைப் படத்தில் இருப்பவரோடு சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு தவறு நுட்பமானது. இன்று மிகுதியாக நடப்பதும் அதுவே என்று கருதுகிறேன். கோபக்காரி, எசமானர் பிள்ளைகளை வளர்ப்பதிலேயே மகிழும் தாதி, காமப்பொருள் என்ற இழிவான அச்சுகளை விலக்கிவிட்டு, எதையும் தாங்கும் உறுதிமிக்கவள் என்ற புகழ்ச்சியான அச்சில் கறுப்பினப் பெண்ணை வார்த்துவிடுகிறார்கள். படத்துக்குப் படம் நிமிர்ந்த தலையும் கூர்ந்த பார்வையுமே வந்தால், களைப்புக்கும் தயக்கத்துக்கும் விளையாட்டுக்கும் அவளுக்கு உரிமை இல்லை என்றாகிவிடுகிறது. அமெரிக்கக் கறுப்பின ஒளிப்படக் கலைஞர் கேரி மே வீம்ஸ் 1990-இல் உருவாக்கிய சமையலறை மேசைத் தொடரில் இருப்பது ஒரே மேசையும் அதன்மேல் தொங்கும் ஒரே விளக்கும்தான். அங்கே வீம்ஸே ஏற்று நடித்த பெண், காதலனோடும் மகளோடும் தோழியரோடும் தனியாகவும் வெவ்வேறு மனநிலைகளில் தோன்றுகிறாள். முடிந்தவரை ஒரே படத்தோடு நிறுத்தாமல் தொடராக எடுங்கள்.

ஒளியில் நேரும் பிழைகளை வெறும் தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்க முடியாது. படச்சுருள் தயாரித்த கோடாக் நிறுவனம், படங்களை அச்சிடும் ஆய்வகங்களுக்கு அனுப்பிய நிறச்சரிபார்ப்பு அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைப் பெண்களே இருந்தார்கள்; அவர்களுடைய தோலே நிறத்துக்கு அளவுகோலானது. கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் சராசரிச் சாம்பல் நிறமாகக் கொண்டு அளப்பதால், வெளிர் சுவரின் முன் இருக்கும் கரிய முகம் விவரமிழந்து இருண்டுவிடும். முகத்தை மட்டும் அளந்து அப்படியே எடுத்தாலோ தோல் வெளுத்துவிடும். முகத்தில் அளந்து, பிறகு கேமராவில் பதிவாகும் ஒளியின் அளவைச் சற்றுக் குறையுங்கள். பெரிய, மென்மையான ஒளியைப் பக்கவாட்டில் வைத்தால், தோலின் மினுமினுப்பே முகத்தின் வடிவத்தைக் காட்டும். அதைப் பவுடரால் மறைக்க வேண்டாம். எடிட்டிங்கில் தோலை வெளுப்பாக்குவது மன்னிக்கத் தகாதது. மாறாக, தென்னாப்பிரிக்க ஒளிப்படக் கலைஞர் ஸனேலே முஹோலி, தம் தன்னுருவப் படங்களில் கருமைக்கும் வெளிச்சத்துக்குமான வேறுபாட்டைக் கூட்டித் தம் தோலை மேலும் கருமையாக்குகிறார்.

பெயரில்லாத முகம் எளிதில் ஓர் இனத்தின் மாதிரியாகிவிடும். முஹோலி 2006 முதல் தம் நாட்டின் கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண்களையும் திருநம்பிகளையும் எடுத்துவரும் தொடரில், படங்களின் தலைப்பே அவர்களுடைய பெயரும் இடமும் ஆண்டும்தான். பெயர் வெளியானால் ஆபத்து நேரக்கூடிய இடங்களில், எதை அச்சிடலாம் என்பதைப் படமெடுப்பதற்கு முன்பே அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.