நிச்சயமின்மைக் கோட்பாடு: அளவீட்டின்மேல் பழி போடலாமா?

ஒரு துகளின் இருப்பிடமும் உந்தமும் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு) ஒருசேரத் துல்லியமாக அமையா என்பது நிச்சயமின்மைக் கோட்பாடு. என் துணைப்பாட வகுப்புக்கு வரும் தொடக்கக் கல்லூரி மாணவர்களிடம் அதைத் தமிழில் சொல்லச் சொன்னால், "எலெக்ட்ரானைப் பார்க்க ஒளி பாய்ச்ச வேண்டும், ஒளி பட்டதும் அது நகர்ந்துவிடும்" என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. 1927இல் கோட்பாட்டை முன்வைத்த இயற்பியலாளர் ஹெய்சன்பர்க்கே, கற்பனையான காமாக் கதிர் நுண்ணோக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்படித்தான் விளக்கினார் என்பதால் மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே ஆண்டில் இயற்பியலாளர் கென்னார்ட் நிறுவிய சமனிலி வேறொன்றைச் சொல்கிறது: இருப்பிடம், உந்தம் ஆகிய இரண்டின் திட்ட விலக்கங்களை (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு விரவியுள்ளன என்பதன் அளவு) பெருக்கினால், சுருக்கப்பட்ட பிளாங்க் மாறிலி என்னும் மிகச் சிறிய இயற்கை மாறிலியின் பாதிக்குக் கீழே வராது.

திட்ட விலக்கம் என்ற சொல்லைக் கவனிக்காமல் கடந்துபோவதுதான் முதல் தவறு. ஒரே விதமாக ஆயத்தம் செய்த ஏராளமான எலெக்ட்ரான்களில் பாதிக்கு இருப்பிடத்தை மட்டும், மறுபாதிக்கு உந்தத்தை மட்டும் அளப்பதாகக் கொள்வோம். எந்த எலெக்ட்ரானும் இருமுறை அளக்கப்படவில்லை. ஓர் அளவீடு மற்றொன்றைக் கெடுக்க வாய்ப்பே இல்லை. அப்படியிருந்தும் இரண்டு விரவல்களும் ஒருசேரச் சுருங்க மாட்டா.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு இதைக் கண்ணாலேயே காணலாம். இரண்டு சவர பிளேடுகளின் விளிம்புகளை 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டி, அதனூடே சிவப்பு லேசரை (கண்ணில் படாமல்) செலுத்தினால், மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளியின் நடுப்பட்டை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு விழும். இடைவெளியைப் பாதியாக்கினால் பட்டை ஒடுங்காது, 8 சென்டிமீட்டராக விரியும்: ஒளியின் இருப்பிடத்தை ஒடுக்கினால் அதன் பக்கவாட்டு உந்தம் விரிகிறது. பிளேடு விளிம்பு ஒளியை இடித்துவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. எந்த விளிம்பிலும் படாமல் வில்லையால் குவித்த கற்றையும், எவ்வளவு ஒடுக்கமாகக் குவிகிறதோ அவ்வளவு அகலமாக அதன்பின் விரிகிறதே!

மற்ற இரண்டு தவறுகளை விரைவில் திருத்திவிடலாம். 'பார்வையாளர்' என்றால் மனிதர் என்று பொருளில்லை. ஆளில்லா அறையில் இயங்கும் உணர்கருவியும் அளக்கத்தான் செய்கிறது. எல்லாமே நிச்சயமற்றது என்பதும் சரியில்லை. கிடைத்திசை இருப்பிடத்தையும் செங்குத்துத்திசை உந்தத்தையும் சேர்த்துத் துல்லியமாக அறியத் தடையேதும் இல்லை.

இவ்வளவு சொன்னபின், அளவீடு எதையும் பாதிக்காது என்று மறுகோடிக்கும் போய்விடக் கூடாது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப மையத்தில் ஆராயப்படும் குவாண்டம் மறைகுறியாக்கமே (குவாண்டம் விதிகளைக் கொண்டு செய்திகளை மறைத்து அனுப்பும் முறை), ஒற்றுக் கேட்பவரின் அளவீடு தடயம் விட்டுச்செல்லும் என்பதை நம்பித்தான் நிற்கிறது. அந்தப் பாதிப்பின் கணக்கு தனி. அதற்கென ஜப்பானிய ஆய்வாளர் ஓசாவா 2003இல் வேறொரு சமனிலியைத் தந்தார். வியன்னாவில் நியூட்ரான்களைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியான சோதனை அதனோடு ஒத்துப்போனது. எனினும் அளவீட்டுப் பிழையையும் அளவீடு உண்டாக்கும் பாதிப்பையும் எப்படி வரையறுப்பது என்பதில் இயற்பியலாளரிடையே இன்னும் கருத்து வேறுபாடு நிலவுகிறது.