ஏப்ரலில் வகுப்பு கலையாமல் இருக்க

தொடக்கப் பள்ளியில் ஏப்ரல் மாத விடைத்தாள் திருத்தலை நாள் முழுக்க இழுக்காதீர்கள். சத்துணவுக்குப் பிறகு வரும் முதல் பாடவேளைக்குள் அடக்குங்கள். அந்த 40 நிமிடமும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரோடு உட்காரட்டும். 15 நிமிடம் பெரியவர் கதை வாசிப்பார், 10 நிமிடம் சின்னவர் வாசிப்பார், மீதி நேரம் பிடித்த காட்சியை அரைத்தாளில் வரையலாம்.

ஏப்ரலில் வகுப்பு கலைவதற்கு வெயில் பாதிக் காரணம்தான். டீச்சர் மேசையில் குனிந்ததைப் பார்த்தாலே பாடம் முடிந்தது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். திருத்த நேரம் குறித்துவிட்டால் மற்ற வேளைகளில் டீச்சர் கரும்பலகைப் பக்கம் நிற்பார். திருத்தும்போதும் முதல் கேள்வியை எல்லாத் தாளிலும் முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். விடை மனதில் நிற்பதால் கை வேகமாக ஓடும், மதிப்பெண்ணும் ஆளுக்கு ஆள் மாறாது. சுவர் அட்டைகளை மட்டும் கடைசி நாள் வரை கழற்ற வேண்டாம், வெறுஞ்சுவரைப் பார்த்தால் லீவு விட்ட மாதிரிதான்.

ஓராசிரியர் பள்ளிக்கு இது ஒத்துவராது. ஒருவர் திருத்தினால் இன்னொருவர் சுற்றி வரவேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைத் தனியே ஜோடி சேர்க்காமல் மூவராக உட்கார வையுங்கள்.